மரச்சட்ட வேலைக்கு எந்த நெய்ல் கன், எந்த ஆணி?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில், வீட்டின் பின்புறம் 12 அடிக்கு 16 அடியில் 2×4 சட்டங்களால் ஒரு ஷெட் கட்ட வேண்டும். நெய்ல் கன் 21 டிகிரியா 30 டிகிரியா? காற்றில் ஓடுவதா, பேட்டரியா? எந்த ஆணி வாங்குவது? தரைக்கு வரும் ஜாயிஸ்ட் ஹேங்கர்களையும் (தரைச் சட்டங்களின் முனைகளைத் தாங்கும் உலோகத் தகடுகள்) அதே கன்னால் அடிக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. காரணம் கீழே வருகிறது. மற்றவற்றுக்குப் பலரும் கன்னிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் ஆணியிலிருந்து தொடங்கச் சொல்வேன். கட்டடத்தைப் பிடித்து நிற்கப்போவது ஆணி. கன் ஒரு மதிய வேலையோடு ஓரமாகப் போய்விடும். எந்த ஆணி எத்தனை வேண்டும் என்று தெரிந்துவிட்டால், எந்த கன் என்ற கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் ஆணிக்கு இரண்டு மொழி உண்டு. சுத்தியல் காலத்து மொழி 8டி, 10டி, 16டி என்ற பழைய அளவுப் பெயர்களில் பேசும். கன் ஆணிப் பெட்டியில் நீளமும் தண்டின் விட்டமும்தான் அச்சாகியிருக்கும்: 3¼ × 0.131, 3 × 0.120 என்று, எல்லாம் அங்குலத்தில். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. '16டி' என்ற ஒரே பெயருக்குள் மூன்று ஆணிகள் இருக்கின்றன. 16டி காமன் 3½ × 0.162, 16டி பாக்ஸ் 3½ × 0.135, 16டி சிங்கர் 3¼ × 0.148. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் "ஸ்டட்டுக்கு ரெண்டு சிக்ஸ்டீன் போதும்" என்று சொன்னால் (ஸ்டட் என்பது சுவரில் நிமிர்ந்து நிற்கும் சட்டம்), அவர் மனதில் இருப்பது 0.162 தடிமன் உள்ள காமன் ஆணி. உங்கள் கன்னில் இருப்பதோ பெரும்பாலும் 0.131. இரண்டும் ஒன்றல்ல.

வித்தியாசம் எவ்வளவு? பக்கவாட்டு விசையைத் தாங்குவதில் தண்டின் தடிமனுக்குத்தான் பெரும் பங்கு. 0.162 ஆணியின் குறுக்குவெட்டுப் பரப்போடு ஒப்பிட்டால் 0.131 ஆணிக்கு 65 சதவீதம்தான் வருகிறது. இரண்டு தடித்த ஆணிகளின் இரும்பும் மூன்று மெல்லிய ஆணிகளின் இரும்பும் ஏறக்குறைய சமம். அமெரிக்க வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதி, அதாவது ஐஆர்சி, தன் ஆணிப் பட்டியலில் சொல்வதும் இதையேதான். ஸ்டட்டின் முனையில் பிளேட் (சுவரின் மேலும் கீழும் படுக்கையாக ஓடும் சட்டம்) வழியாக நேராக அடித்தால் 16டி காமன் 2 போதும். 3 × 0.131 என்றால் 3 வேண்டும். சாய்த்து அடித்தால் 3 × 0.131 ஆணி 4. மேல் பிளேட்டின் மேல் இரண்டாவது பிளேட்டை ஏற்றும்போது 16டி காமனை 16 அங்குலத்துக்கு ஒன்றாக அடிக்கலாம், 0.131 என்றால் 12 அங்குலத்துக்கு ஒன்று. இந்த எண்களை ஒரு துண்டு மரத்தில் பென்சிலால் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கன் கையில் இருக்கும்போது கூடுதலாக ஓர் ஆணி அடிக்க அரை நொடிதான் ஆகும். கணக்கில் பிசகுவது சோம்பலால் அல்ல, பழைய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதால்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 3 × 0.120 ஆணியின் குறுக்குவெட்டு 0.131ஐவிட இன்னும் 16 சதவீதம் குறைவு. அதை அடிக்கவே கூடாது என்றில்லை. கன் ஆணிகளுக்கென்றே ஐசாண்டா என்ற தயாரிப்பாளர் சங்கம் பெற்றிருக்கும் இஎஸ்ஆர்-1539 என்ற மதிப்பீட்டு அறிக்கை, ஒவ்வொரு விட்டத்துக்கும் எத்தனை ஆணி, எவ்வளவு இடைவெளி என்று தருகிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் ஒரு ஷெட்டுக்கு அவ்வளவு தேடல் எதற்கு? 0.131 வாங்கிவிட்டால் ஐஆர்சியின் பட்டியலையே நேராகப் பின்பற்றலாம்.

அடுத்தது நீளம்: 3 அங்குலமா, 3¼ அங்குலமா? 2×4 என்று பெயர் இருந்தாலும் சட்டத்தின் உண்மையான தடிமன் 1½ அங்குலம். இரண்டை முகத்தோடு முகம் சேர்த்தால் 3 அங்குலம். அதில் 3¼ ஆணியை நேராக அடித்தால் கால் அங்குலம் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். மூலை ஸ்டட்டிலும் கதவுக்குப் பக்கத்து இரட்டை ஸ்டட்டிலும் அது கையைக் கிழிக்கும், இல்லாவிட்டால் அடுத்து வரும் சட்டத்தை ஒட்டவிடாது. சற்றே சாய்த்து அடித்தால் உள்ளேயே நின்றுவிடும். பிளேட் வழியாக ஸ்டட்டின் முனைக்குள் அடிக்கும்போது கதை வேறு: 3¼ ஆணி 1¾ அங்குலம் உள்ளே போகிறது, 3 ஆணி 1½ தான். ஒரே பெட்டிதான் வாங்குவேன் என்றால் 3¼ × 0.131 வாங்கி, இரட்டைச் சட்டங்களில் சாய்த்து அடிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்த முனை ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தின் வெட்டுமுனைக்குள் ரேகை போகும் திசையிலேயே இறங்கும் ஆணிக்குப் பிடிமானம் மிகக் குறைவு. அமெரிக்க மரக் கட்டுமான வடிவமைப்பு விதியான என்டிஎஸ், அத்தகைய ஆணிக்குப் பிடுங்கும் விசையில் எந்த மதிப்பும் தருவதில்லை. பக்கவாட்டு விசையிலும் 0.67 மடங்குதான் தருகிறது. சாய்த்து அடித்த ஆணிக்குப் பக்கவாட்டில் 0.83 மடங்கு. அதனால், சுவரைத் தரையில் படுக்கவைத்துக் கட்டும்போது முனை ஆணி வசதி. நிமிர்த்திய பிறகு இடையில் செருகும் ஸ்டட்டுக்குச் சாய்த்து அடிப்பதுதான் வழி. சாய்வுக்கு அளவு உண்டு. ஸ்டட்டின் முனையிலிருந்து ஆணி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அதாவது 3 அங்குல ஆணிக்கு ஓர் அங்குலம் மேலே, ஸ்டட்டோடு சுமார் 30 டிகிரி சாய்வில் தொடங்க வேண்டும். இன்னும் மேலே தொடங்கினால் பிளேட்டுக்குள் போவது நுனி மட்டும். மிகவும் கீழே தொடங்கினால் ஸ்டட்டின் நுனி பிளந்துகொள்ளும். கன்னின் மூக்கில் இருக்கும் பற்கள் இதற்காகத்தான். முதலில் பற்களை மரத்தில் ஊன்றி, பிறகு கன்னைச் சாயுங்கள்.

கூரைச் சட்டங்கள் பிளேட்டில் உட்காருமிடத்தில் சாய்ந்த ஆணிகளை மட்டும் நம்ப வேண்டாம். பட்டியல்படி 3 × 0.131 ஆணி 4 அடித்தாலும், காற்று கூரையை மேலே தூக்கும் விசை ஆணியைப் பிடுங்கும் திசையில்தான் வருகிறது. சட்டத்துக்கு ஒரு உலோக க்ளிப் போட ஆகும் செலவு அற்பம்.

சுவர்ப் பலகைக்கு வருவோம். ஓஎஸ்பியோ (மரச்சீவல்களை ஒட்டிச் செய்த பலகை) பிளைவுட்டோ, அரை அங்குலம் வரையிலான சுவர்ப் பலகைக்கு 6டி காமன், அதாவது 2 × 0.113, போதும், விளிம்பில் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடு ஸ்டட்களில் 12 அங்குலத்துக்கு ஒன்று. கூரைப் பலகைக்கு 8டி காமன், 2½ × 0.131, அல்லது வளையத் தண்டு கொண்ட 2⅜ × 0.113. பெட்டியில் ஆர்எஸ்ஆர்எஸ்-01 என்று எழுதியிருக்க வேண்டும். எல்லாப் பலகைக்கும் இந்த வளைய ஆணியையே வாங்கிவிடுங்கள் என்பது என் யோசனை. வளையங்கள் மர நார்களைக் கவ்விக்கொள்வதால் காற்று பலகையை இழுக்கும்போது எளிதில் வெளியே வராது. ஈரம் ஏறி இறங்கும்போது தலை தூக்காது. சட்டங்களுக்கோ வழவழப்பான தண்டே சரி. தப்பாக அடித்த வளைய ஆணியைப் பிடுங்கி எடுப்பது பெரும்பாடு, சட்ட வேலையில் தப்பு நிச்சயம் நடக்கும்.

பலகையில் உண்மையான எதிரி ஆணி ஆழமாக இறங்குவதுதான். தலை பலகையின் மேற்பரப்போடு சமமாக நிற்க வேண்டும். மேல் அடுக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்தால் அரை அங்குலப் பலகை அந்த இடத்தில் முக்கால் பங்காகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடுகிறது. காற்று இழுக்கும்போது ஆணி ஸ்டட்டிலேயே நிற்கும், ஆணித் தலை பலகையைத் துளைத்துவிட, பலகை மட்டும் பிய்ந்து வரும். பலகைத் தயாரிப்பாளர்களின் அமைப்பான ஏபிஏ ஒரு அளவுகோல் தருகிறது. விளிம்பு ஆணிகளில் 20 சதவீதத்துக்கு மேற்படாதவை, அதுவும் ⅛ அங்குலத்துக்குள் இறங்கியிருந்தால் விட்டுவிடலாம். அதைத் தாண்டினால், ஆழமாக இறங்கிய ஒவ்வொரு இரண்டு ஆணிக்கும் புதிதாக ஒன்று சேர்த்து அடிக்க வேண்டும். சட்டத்துக்கு வைத்த காற்றழுத்தத்தோடேயே பலகைக்குப் போவதுதான் இதற்குக் காரணம். முதலில் ஒரு துண்டுப் பலகையை ஸ்டட் மேல் வைத்து நாலு ஆணி அடித்து, மூக்கிலுள்ள ஆழச் சக்கரத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். கடைசிக் கால் மில்லிமீட்டருக்கு மட்டும் சுத்தியல். ஆணி பலகையின் ஓரத்திலிருந்து குறைந்தது ⅜ அங்குலம் தள்ளி இருக்கட்டும். பலகைகளுக்கிடையில் ⅛ அங்குல இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் அவை உப்பி ஒன்றையொன்று முட்டும்.

இப்போது டிகிரி. அந்த எண், ஆணிகள் கோக்கப்பட்டிருக்கும் வரிசையின் சாய்வு. ஒரு சாய்வுக்கான கன்னில் வேறு சாய்வு ஆணி ஓடாது. ஓடுவதுபோல் தோன்றினாலும் இரண்டாவது ஆணியிலேயே சிக்கும்.

21 டிகிரியில் ஆணிகள் பிளாஸ்டிக் பட்டையில் கோக்கப்பட்டிருக்கும். முழு வட்டத் தலைகள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க இடைவெளி விட்டே கோப்பார்கள். அதனால் மேகசின் (கன்னில் ஆணி வரிசை நிற்கும் அறை) நீளம், கொள்ளும் ஆணி குறைவு. ஒவ்வோர் அடிக்கும் பிளாஸ்டிக் துணுக்கு தெறிக்கும். கண்ணாடி இல்லாமல் நிற்க முடியாது, தரை முழுக்கக் குப்பை. சில சமயம் துணுக்கு ஆணித் தலைக்கும் பலகைக்கும் இடையில் சிக்கித் தலையைச் சமமாக உட்காரவிடாது. நல்ல பக்கம்: ஈரத்துக்கு அஞ்சாது, முழுத் தலை என்பதால் எந்த ஆய்வாளரும் மறுக்கமாட்டார்.

30 முதல் 34 டிகிரியில் காகிதப் பட்டை. ஆணிகள் நெருக்கமாக இருக்க, தலையின் ஒரு பக்கத்தை வெட்டியிருப்பார்கள், அல்லது வட்டத் தலையைத் தண்டிலிருந்து சற்று விலக்கி வைத்திருப்பார்கள். ஸ்டட்களுக்கு நடுவில் 14½ அங்குல இடைவெளியில் மூக்கை நுழைத்துச் சாய்த்து அடிக்க இந்தச் சாய்வுதான் சௌகரியம். குறை, காகிதம் ஈரத்தில் ஊறும். இரவில் திறந்த பெட்டியைப் பனியில் விட்டால் காலையில் பட்டை பிரிந்து கைக்கு வரும். வெட்டுத் தலை ஆணியைப் பலகைக்கு ஏற்காத ஊர்களும் உண்டு, குறிப்பாகப் புயலோ நிலநடுக்கமோ வரும் இடங்களில். எனவே 30 டிகிரி வாங்கினால் விலகிய வட்டத் தலை ஆணியாகப் பார்த்து எடுங்கள். 28 டிகிரியில் கம்பியால் கோத்தவையும், 15 டிகிரியில் சுருளாக 200-300 ஆணி கொள்ளும் கன்னும் உண்டு. சுருள் கன் கனமானது. நாள் முழுக்கக் கூரைப் பலகை அடிப்பவர்களுக்கானது. உங்களுக்கு வேண்டாம்.

21க்கும் 30க்கும் நடுவில் தேர்வு செய்ய எளிய வழி: பக்கத்துக் கடைக்குப் போய் ஆணி அலமாரியைப் பாருங்கள். 3¼ × 0.131, 2⅜ × 0.113 வளையத் தண்டு, ஹாட் டிப் முறையில் துத்தநாகம் பூசியது ஆகிய மூன்றும் எந்தச் சாய்வில் அங்கேயே அடுக்கியிருக்கிறதோ அதை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆணி தீர்ந்துபோகும்போது இந்த யோசனையின் அருமை தெரியும். இரண்டு வகை கன்னும் வழக்கமாக 2 முதல் 3½ அங்குல ஆணிவரை எடுக்கும் என்பதால், சட்டத்துக்கும் பலகைக்கும் ஒரே கன் போதும்.

காற்றா பேட்டரியா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை: ஒரு ஷெட்டுக்கு, முற்றத்தில் மின்சாரம் இருந்தால், காற்று. கன் 7 முதல் 8½ பவுண்டு. பேட்டரி கன் 10 முதல் 12 பவுண்டு. தலைக்கு மேல் தூக்கி அடிக்கும்போது அந்த மூன்று பவுண்டு தோளில் தெரியும். காற்றுக் கன்னின் அமைப்பும் எளிது: ஒரு பிஸ்டன், அதில் ஆணியை இடிக்கும் கத்தி, சில ஓ-ரிங் (ரப்பர் வளையங்கள்). 6 கேலன் கம்ப்ரஸர் ஒருவர் சட்டம் கட்டத் தாராளம். ஹோஸ் ⅜ அங்குலம் எடுங்கள். மெல்லிய ¼ அங்குல ஹோஸை 100 அடிக்கு இழுத்தால் வழியிலேயே அழுத்தம் விழுந்து, தொடர்ந்து அடிக்கும்போது ஆணிகள் தலை தூக்கி நிற்கும். கன் பக்கம் காற்றழுத்தத்தை 90-100 பிஎஸ்ஐயில் தொடங்கி, தேவைக்கேற்ப மாற்றுங்கள். கன் மேல் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். எந்த நிலையிலும் ஆக்சிஜன் சிலிண்டரையோ வேறு வாயு சிலிண்டரையோ இணைக்கக் கூடாது, கன் வெடிக்கும்.

பேட்டரிதான் வேண்டும் என்றால் மூன்று வகை. பாஸ்லோட் போன்றவை சிறு எரிவாயுக் குப்பியும் பேட்டரியும் சேர்ந்து ஓடுபவை. எடை குறைவு, ஆனால் கடும் குளிரில் முரண்டுபிடிக்கும், குப்பிக்குக் காலாவதித் தேதி உண்டு. டிவால்ட்டின் பேட்டரி கன்னில் சுழலும் சக்கரம் ஆணியைத் தள்ளுகிறது. கெட்டி மரத்தில் நீண்ட ஆணி சில சமயம் பாதியில் நிற்கும். மில்வாக்கியிலும், முன்பு ஹிட்டாச்சியாக இருந்த மெட்டபோ எச்பிடியிலும் அடைபட்ட வாயு ஸ்பிரிங்போல வேலை செய்கிறது. காற்றுக் கன்னின் உதைக்கு மிக அருகில் வருபவை இவைதாம், விலையும் அப்படியே.

ட்ரிகரில் கஞ்சத்தனமோ அவசரமோ காட்டாதீர்கள். மூக்கை முதலில் அழுத்தி, பிறகு ட்ரிகரை இழுத்தால் மட்டும் ஓர் ஆணி போகும் முறை சீக்வென்ஷியல். ட்ரிகரைப் பிடித்தபடியே மூக்கை இடிக்கும்தோறும் ஆணி போவது கான்டாக்ட் முறை. பின்னதில் உதைத்துத் திரும்பும் கன் தானாகவே மறுபடி மூக்கில் இடித்து இரண்டாவது ஆணியை விடும்; சாய்த்து அடிக்கும்போது இது அதிகம். 2011இல் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நியோஷும் வெளியிட்ட கையேடு, கான்டாக்ட் ட்ரிகரில் காயமடையும் வாய்ப்பு இரு மடங்கு என்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் நெய்ல் கன் காயத்தோடு அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள் என்றும் சொல்கிறது. பல கன்கள் இரண்டு முறைக்கும் மாற்றத்தக்கவையாக வருகின்றன. சீக்வென்ஷியலில் வைத்துவிட்டு மற்றதை மறந்துவிடுங்கள். மரத்தைப் பிடிக்கும் கை மூக்கிலிருந்து 12 அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். ஆணி கணுவில் மோதினால் ரேகையோடு வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். 3¼ அங்குல ஆணி ஏறக்குறைய அதே அளவு தூரம் வந்து விரலைத் தைக்கும்.

இனி ஹேங்கர். ஹேங்கரின் துளை ஒரு குறிப்பிட்ட தடிமனுக்காகக் குத்தப்பட்டது: பெரும்பாலும் 0.148 அல்லது 0.162. சாதாரண கன்னின் மூக்கு துளையை மறைத்துவிடும். தகட்டைக் குத்திக்கொண்டு ஆணி போகும், அல்லது தெறித்துத் திரும்பும். துளையில் சரியாக விழுந்தாலும் 0.131 ஆணி அங்கே ஒல்லி. பட்டியலில் சொன்ன எடையை அந்த ஹேங்கர் தாங்காது. ஆணியின் நுனியே வெளியே தெரிந்து துளையைத் தேடும் தனி கன் இதற்கென்று உண்டு. இருபது முப்பது ஹேங்கருக்கு அதை வாங்குவது வீண். உள்ளங்கையில் அடங்கும் பாம் நெய்லர் ஒன்று வாங்குங்கள். உதிரி ஆணியைக் காந்த மூக்கில் வைத்து அழுத்தினால் தட்டித் தட்டி இறக்கிவிடும். உங்கள் கம்ப்ரஸரிலேயே ஓடும். ஹேங்கரில் ஜாயிஸ்ட்டைத் துளைத்துப் பின்னால் உள்ள சட்டத்துக்குச் சாய்வாகப் போகும் துளைகளில் 1½ அங்குலக் குட்டை ஆணி போடக் கூடாது. அங்கே முழு நீள ஆணிதான். டெக் ஸ்க்ரூவும் கூரை ஆணியும் எந்தத் துளைக்கும் ஆகாது.

தரையைத் தொடும் சட்டங்கள் மருந்தேற்றிய மரமாக இருக்கும். 2003 முடிவோடு ஆர்செனிக் கலந்த சிசிஏ மருந்தை வீட்டு வேலைக்கு விடுவது நின்றது. அதன் பிறகு வந்த ஏசிக்யூ போன்ற மருந்துகளில் செம்பு அதிகம். அது சாதாரண இரும்பையும், மின்முறையில் மெல்லிசாகத் துத்தநாகம் பூசிய ஆணியையும் அரித்துத் தின்றுவிடும். பெட்டியில் 'கால்வனைஸ்டு' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த 'ஹாட் டிப்' என்றோ, ஏஎஸ்டிஎம் ஏ153 என்றோ எழுதியிருக்க வேண்டும். ஹேங்கரும் அதே பூச்சாக இருக்கட்டும். துத்தநாக ஹேங்கரில் ஸ்டெயின்லெஸ் ஆணி அடித்தால் ஹேங்கர் சீக்கிரம் அரிக்கும்.

எவ்வளவு வாங்குவது? சுற்றளவு 56 அடி. 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்டட், மூலைகளும் கதவும் சேர்த்துச் சுமார் 55. ஒன்றுக்கு 6 ஆணி என்றால் 330. பிளேட்கள், ஹெடர் (கதவுக்கு மேலே வரும் சட்டம்), கூரை, வீணாவது எல்லாம் சேர்ந்து 900 பக்கம் வரும். 4×8 பலகை ஒன்றுக்கு 60 ஆணிக்குச் சற்று மேல். சுவருக்கு 14, கூரைக்கு 8 அல்லது 9 என்றால் 1,400 வரை. ஆக, 3¼ × 0.131 சிறிய பெட்டி ஒன்று (1,000), 2⅜ வளைய ஆணி 2,000, ஹாட் டிப் சிறிய பெட்டி ஒன்று. ஐஆர்சி 200 சதுர அடிவரை தனி ஷெட்டுக்கு அனுமதி தேவையில்லை என்கிறது, உங்களுடையது 192. ஆனால் ஊருக்கு ஊர் விதி மாறும், நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

கன் அடிக்கடி சிக்கினால் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள், பிறகு மேகசினைத் திறங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. சாய்வும் விட்டமும் கன்னில் எழுதியதோடு பொருந்துகிறதா, பட்டை உடைந்திருக்கிறதா, இடிக்கும் கத்தியின் நுனி தேய்ந்து உருண்டிருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த கத்தி தலையிலிருந்து வழுக்கி இரண்டு ஆணியை ஒன்றாகத் தள்ளும். வேலை தொடங்கும் முன் காற்று வாயில் இரண்டு மூன்று சொட்டு நியூமேடிக் எண்ணெய் விடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே வேண்டாம், ஓ-ரிங்கைக் கெடுக்கும். மாலையில் கம்ப்ரஸர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.